உமது சட்டையில் சிந்திய வைன்

நான் இருக்கும் அறைக்குக் கீழே ஒரு பேக்கரி. ஹட்டனில், பஸ் நிலையத்திலிருந்து மேலே ஏறும் வீதியில், பலகைத் தரை போட்ட மாடியறை. ஓய்வு பெற்றதும் தோட்டத்துப் பள்ளிக்கூட வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்துக்குத் திரும்பவும் மனம் வரவில்லை. இங்கே தங்கிவிட்டேன். மார்கழி பிறந்தால் கீழே கிறிஸ்மஸ் கேக் வேலை தொடங்கிவிடும். இன்று காலை உலர்ந்த திராட்சையை வைனில் ஊறப்போட்டிருக்கிறார்கள் போலும். பலகை இடுக்குகளால் அந்த வாசனை ஏறி வந்து, மடித்து வைத்த வேட்டியிலும் தலையணையிலும் குடியேறிவிட்டது. ஜன்னலைத் திறந்தேன். பனி உள்ளே வந்ததே தவிர வாசனை வெளியே போகவில்லை.

அதனால்தான் நண்பரே, உமக்கு எழுத உட்கார்ந்தேன். இறந்தவருக்குக் கடிதம் எழுதுவது முறைதானா என்று எனக்குத் தெரியவில்லை. எதையும் முறைப்படி செய்தே பழகியவன் நான் என்பது உமக்குத் தெரியும். எங்கே தொடங்குவது என்றுகூட நிச்சயமில்லாமல் காகிதத்தை இரண்டு முறை மாற்றிவிட்டேன். நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் அந்தத் தோட்டத்துக்கு நான் ஆசிரியனாக வந்தபோது நீர் தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கர். கொழுந்து வாடி, அரைபட்டு, புளித்து, காய்ந்து தூளாகும்வரை உம்முடைய மூக்கின் காவலில்தான் இருக்கும். யாழ்ப்பாணத்தவன் என்று பலர் என்னிடமிருந்து ஓரடி தள்ளியே நின்றார்கள். நீர்தான் முதல் வாரமே பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, "மாஸ்டர், ஒங்க தமிழ் எனக்குப் பாதிதான் வெளங்குது. ஆனா கேக்க நல்லாருக்கு, பேசிக்கிட்டே இருங்க" என்றீர். அன்றிலிருந்து பேசிக்கொண்டே இருந்தோம்.

வெற்றிலை, சுருட்டு, கள், சாராயம் ஒன்றையும் நீர் தொட்டதில்லை. "நாக்கு கெட்டா பொழப்பு கெட்டுரும்" என்பீர். மாரியம்மன் திருவிழாவில் முதல் காப்பு உம் கையில்தான் கட்டுவார்கள். குடிக்காத மனிதருக்குத் தோட்டம் கொடுத்த மரியாதை அது. உமக்கு அதில் பெருமை உண்டு. மறைக்கவும் மாட்டீர். காப்புக் கட்டிய கையை ஒரு வாரத்துக்கு வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு நடப்பீர்.

நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே தோட்டத்து மக்கள் எந்த நாட்டின் பிரஜைகளும் அல்லர் என்றாகிவிட்டது. பிரஜாவுரிமை வேண்டுமானால், இந்த நாட்டில் தொடர்ச்சியாக வாழ்ந்தோம் என்று விண்ணப்பித்து நிரூபிக்க வேண்டும். நீர் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். உம் தகப்பனார் இந்தியாவிலிருந்து கைக்குழந்தையாக வந்தவர். எனக்கு யாரிடமும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும்போது அந்த வித்தியாசம் எனக்குக் கூச்சமாக இருக்கும். நீர் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

விண்ணப்பம் போட்டுப் பல வருஷம் கழித்து, நுவரெலியாவுக்கு விசாரணைக்கு வரும்படி அழைப்பு வந்தது. சாட்சியாக நானும் வந்தேன். புறப்படும்போது உம் மனைவி காமாட்சியம்மா உம் நெற்றியில் திருநீறு பூசி, "நல்ல சேதியோட வாங்க. வந்ததும் பாயசம் வெக்கிறேன்" என்றார். பஸ் ஏறிய இடத்திலிருந்து இறங்கிய இடம்வரை, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். "எத்தனை வருஷமாக இவரைத் தெரியும்?" என்று கேட்டால் ஒரு பதில். "நல்ல நடத்தையுள்ளவரா?" என்று கேட்டால் ஒரு பதில். நீரோ ஜன்னலோரம் நன்றாகத் தூங்கினீர்.

என்னை அவர்கள் அழைக்கவேயில்லை. வெளி வாங்கில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீர் உள்ளே போன சிறிது நேரத்திலேயே திரும்பி வந்தீர். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரே குடையின் கீழே வீதியில் இறங்கிய பிறகுதான் வாய் திறந்தீர்.

"முடிஞ்சிருச்சு மாஸ்டர்."

"என்ன முடிஞ்சது? என்னைக் கூப்பிடவேயில்லையே?"

"ஒங்களைக் கூப்புட்டு என்ன ஆகப்போகுது? மூத்தவ பார்வதி பொறந்தப்ப காமாட்சி இந்தியாவுல தாய்வீட்டுல எவ்வளவு நாள் இருந்தான்னு கேட்டாங்க. ஒரு வருஷத்துக்கு மேலன்னேன். எதுக்கு அவ்வளவு நாள்னாங்க. தாய்மாமன் ரங்கூன்லேருந்து வரணும்ல, மாமன் மடியில ஒக்கார வெச்சுத்தான மொட்டையடிச்சுக் காது குத்தணும், அதுக்காக இருந்துட்டு வந்தான்னு வெவரமா சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன் மாஸ்டர்."

நீர் நின்றுவிட்டீர். குடை என்னோடு ஓரடி முன்னே போய்விட்டது. மழை உம் தலையில் விழுந்தது.

"ஆபீசர் பேனாவை மூடி வெச்சுட்டாரு. மொழிபெயர்க்கிறவரு நம்ம ஆளுதான். பொண்டாட்டி ஒரு வருஷத்துக்கு மேல வெளிய இருந்திருந்தா தொடர்ச்சி அறுந்துருச்சுன்னு சட்டமாம். முடிவு தபால்ல வரும், ஆனா காத்துக்கிட்டு இருக்காதீங்க அண்ணேன்னாரு."

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவது எல்லோரும் செய்வதுதான். லயத்தில் பாதிப் பேருக்குத் திருச்சிப் பக்கமோ மதுரைப் பக்கமோ ஒரு தாய்வீடு இருந்தது. மாமன் மடியில் உட்காராத காதுக்குத் தோடு போட்டால் அது குடும்பத்துக்கே குறை. அந்த மாமன் கப்பலேறி வர விடுப்புக் கிடைக்கவில்லை. அவர் வரும்வரை குழந்தையோடு காமாட்சியம்மா காத்திருந்தார். அப்போது அப்படியொரு சட்டம் யார் கனவிலும் இல்லை. அதற்குப் பல வருஷம் கழித்து வந்த சட்டம் பின்னோக்கிப் போய் அந்தக் குழந்தையின் காதைப் பிடித்துக்கொண்டது. இதில் யாரைக் குறை சொல்வது என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

"பஸ்ஸுக்குப் போவமா?" என்றேன்.

"இப்பவே போய் அவ மொகத்துல எப்புடி முழிக்கிறது? வாங்க, எங்கயாவது கொஞ்சம் ஒதுங்குவோம்" என்றீர்.

அப்படித்தான் அந்தச் சாப்பாட்டுக்கடைக்குள் போனோம். விசாரணை நடந்த கந்தோர் வீதியின் வளைவில், வாசலில் காய்கறி லொறி நிற்கும் சிறிய ஓட்டுக் கட்டடம். பறங்கிப் பெண்மணி ஒருவர் நடத்தி வந்தார். நோனா என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். லொறிக்காரர்களும் வருவார்கள், சில நாள் துரைமாரும் வருவார்கள். நான் வாசல் மிதியடியிலேயே நின்றேன். மேசைகளில் வெள்ளை விரிப்பு, நடுவில் பூ, துடைத்து வைத்த கண்ணாடிக் கிண்ணங்கள். இது நமக்கான இடமல்ல என்று என் கால் சொன்னது. அதற்குள் அந்த நோனா கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க! மழை உள்ள வருது, நீங்க வெளிய நிக்குறது!" என்று தமக்கு வந்த தமிழில் கூப்பிட்டார்.

நீர் அவரோடு சிங்களத்தில் பேசினீர். இரண்டு நிமிஷத்தில் இருவரும் பழைய அயலவர்கள்போல ஆகிவிட்டீர்கள். விஷயம் இதுதான்: அன்று மத்தியானம் துரைமார் சிலர் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து விருந்துக்கு வருவதாக இருந்தது. மழையால் பந்தயம் நின்றது, அவர்களும் வரவில்லை. சமைத்ததெல்லாம் அப்படியே இருக்கிறது, ஒரு போத்தல் வைனும் மூடி திறந்தபடி நிற்கிறது. இனி அது நாளைக்கு ஆகாது. "நீங்க தின்னுறது எனக்குப் புண்ணியம்" என்றார்.

நீர் என்னைப் பார்த்துச் சிரித்தீர். "தொரைமாருக்கு வெச்ச சோறு மாஸ்டர். இன்னைக்காவது ஒரு எடத்துல நம்ம பேரைக் கேக்காம ஒக்காரச் சொல்றாங்க."

கணப்படுப்பில் யூக்கலிப்டஸ் விறகு எரிந்துகொண்டிருந்தது. நம் இருவருடைய கால்சட்டையிலிருந்தும் ஆவி கிளம்பியது. முதலில் மிளகு தூவிய சூப் வந்தது. ஒரு கரண்டி உள்ளே போனதும், காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பிறகு உமக்குப் பொரித்த கோழி. எனக்கு வெள்ளிக்கிழமை. வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கும், லீக்ஸும், கரட்டும், சூடான பாண் ரொட்டியும் வந்தன. அந்த உருளைக்கிழங்கைப் பற்றி என்ன எழுதுவது? வெளியே ஒரு மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே மாவாகக் கரைந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். என் நண்பரின் வாழ்வு அன்று காலைதான் அறுந்திருக்கிறது, நான் உருளைக்கிழங்கு கேட்டு வாங்குகிறேன். நீர் அதைக் கவனித்து, உம் தட்டிலிருந்ததையும் என் தட்டுக்குத் தள்ளிவிட்டீர்.

நோனா வைனை ஊற்ற வந்தார். நான் கிண்ணத்தைக் கையால் மூடினேன்.

"எனக்கு உது வேண்டாம். வெள்ளிக்கிழமையல்லோ."

"அது திராட்சைப்பழச் சாறு மாஸ்டர்! எல, தண்டு, பழம் எல்லாம் முழுச் சைவம். கோழிதான் ஒங்களுக்கு ஆகாது. இதுல எந்தக் கோழி நீந்துது?"

"மெல்லக் கதையும். அங்கால ஆக்கள் பார்க்கினம்." பக்கத்து மேசையில் இரண்டு லொறிக்காரர்கள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அவர்கள் நம்மைப் பார்க்கவேயில்லை.

"உமக்கு நாக்குக் கெட்டுப்போகும் எண்டு சொல்லுவீரே?" என்றேன்.

நீர் கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தீர். "இனி இந்த நாக்கை யாருக்காகக் காப்பாத்துறது? தோட்டத்துக்காகவா? தோட்டம் நம்மளை வெளிய போன்னுது."

பிறகு நீர் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தேநீர்ச் சுவை பார்ப்பவர்கள் கரண்டியில் எடுத்துப் பலத்த சத்தத்தோடு உறிஞ்சுவார்களே, அப்படியே சூப்புக் கரண்டியில் வைனை எடுத்து, ஓர் உறிஞ்சு உறிஞ்சினீர். அந்த அறையே திரும்பிப் பார்த்தது. லொறிக்காரர்கள் உண்மையாகவே பார்த்தார்கள். நான் மேசை விரிப்புக்குள் தலையை நுழைத்துக்கொள்ள வழியிருக்கிறதா என்று யோசித்தேன். நீர் கண்ணை மூடி, வாயில் உருட்டி, விழுங்கி, கடைசியில் தீர்ப்புச் சொன்னீர்: "அரைப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா ரொம்ப நேரம் புளிக்க வெச்சுட்டாங்க. இது நம்ம பேக்டரில வந்திருந்தா தொரை என் சீட்டைக் கிழிச்சிருப்பாரு."

நோனாவுக்கு அதைச் சிங்களத்தில் சொன்னீர். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு லொறிக்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்குள் நோனா என் கிண்ணத்திலும் ஊற்றியிருந்தார். சிரித்துக்கொண்டே, எப்போது என்று தெரியாமல், அதைக் குடித்திருந்தேன். முதலில் புளிப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு, பிறகு நெஞ்சில் இறங்கிய சூடு. அந்த மழையில், அந்த ஈர உடையில், அது நன்றாக இருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் சாப்பிட்டது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன். அதை எண்ணினால் மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமல் நிற்கிறேன்.

கடைசியில் பழுப்பு நிறப் பாகு ஊற்றிய புடிங் வந்தது. "இதில் முட்டை இருக்கோ? கேட்டுச் சொல்லும்" என்றேன். நீர் நோனாவிடம் கேட்டுவிட்டு, கோவில் பூசாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "இல்லையாம்" என்றீர். வழித்துச் சாப்பிட்டேன்.

வெளியே மழை சற்று ஓய்ந்திருந்தது. போத்தலில் கொஞ்சம் மீதியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்.

"காமாட்சிக்கு என்ன சொல்றது மாஸ்டர்?"

"உள்ளதைச் சொல்லும்."

"உள்ளதைச் சொன்னா? நான் ரெண்டு தரம் வந்துருன்னு எழுதினேன். அவதான் அண்ணன் வராம வரமாட்டேன்னா. இப்ப போய், ஒன் அண்ணனுக்காக நீ காத்திருந்ததாலதான் நம்ம நாலு பேருக்கும் இந்த நாடு இல்லன்னு சொல்லவா? அவளைத் தெரியும்ல ஒங்களுக்கு. மூணாவதாப் பொறந்த சின்னப் புள்ள காய்ச்சல்ல செத்தப்ப, தன் மேலேருந்துதான் காய்ச்சல் தொத்துச்சுன்னு சொல்லிச் சொல்லியே எலும்பாப் போனா. இதையும் கேட்டா அவ இருக்கமாட்டா மாஸ்டர்."

நான் ஆசிரியன். காரணம் கண்டுபிடிப்பது எனக்கு வரும் என்று நினைத்தேன். சாட்சி போதாது என்று சொல்லலாம் என்றேன். "அவ லயத்துல உள்ள அத்தனை பேரையும் சாட்சியாக் கூட்டிக்கிட்டு நடந்தே வந்துருவா" என்றீர். எல்லோருக்கும் இதே முடிவுதான் என்று சொல்லலாம் என்றேன். "நம்ம தோட்டத்து மேல்கணக்குப் பகுதிக் கங்காணிக்குக் கெடைச்சிருக்கே, அது அவளுக்குத் தெரியாதா?" என்றீர். முடிவு இன்னும் வரவில்லை என்று தள்ளிப்போடலாம் என்றேன். "எத்தனை நாளைக்கு? தெனம் வாசல்ல நிப்பா. ஒங்க காரணமெல்லாம் பரீட்சைக்குச் சரி மாஸ்டர். பொண்டாட்டிகிட்ட செல்லாது."

உருளைக்கிழங்கும் வைனும் நிறைந்த வயிற்றோடு, ஒன்றுக்கும் உதவாதவனாக உட்கார்ந்திருந்தேன்.

நீர் போத்தலை எடுத்து, மீதியை உம் கிண்ணத்தில் ஊற்றினீர். குடிக்கப் போகிறீர் என்றுதான் நினைத்தேன். நீரோ அதை மெதுவாகச் சாய்த்து, உம் வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் ஊற்றிக்கொண்டீர். காமாட்சியம்மா விசாரணைக்கென்று கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த சட்டை.

"ஐயோ, சிந்திப் போச்சு!" என்று நோனா உப்புப் பீங்கானோடு ஓடி வந்தார். கறையில் உப்பைக் கொட்டித் தேய்க்கப் போனார். நீர் அவர் கையை மெல்ல விலக்கி, சிங்களத்தில் ஏதோ சொன்னீர். இருக்கட்டும், விடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

"போறதுக்கு முன்னால பயத்துல கொஞ்சம் ஊத்திக்கிட்டேன். ஆபீசருக்கு வாடை அடிச்சிருச்சு, வெளிய போன்னு வெரட்டிட்டாரு. அவ்வளவுதான் கதை" என்றீர். "என்னைத் திட்டுவா. திட்டட்டும். திட்டுனா உசுரோட இருப்பா."

"உமக்கு விசரோ? தோட்டம் என்ன சொல்லும்?"

"குடிகாரன்னு சொல்லும். காலைப் பெரட்டுல பேர் குடுக்க நிக்கிற பாதிப் பேரு குடிகாரன்தான். ஒருத்தன் கூடுதலா இருந்துட்டுப் போறான்." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தீர். "நீங்க மட்டும் வாயத் தொறக்கக் கூடாது மாஸ்டர். நான் இருந்தாலும் செத்தாலும்."

நான் தலையை ஆட்டினேன். அது சம்மதம்தானா, வெறும் பழக்கமா என்று எனக்கே நிச்சயமில்லை. நீர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டீர்.

விளக்கு வைக்கும் நேரத்தில் லயத்தை அடைந்தோம். காமாட்சியம்மா வாசலிலேயே நின்றார். பாயசத்துக்கு ஏலக்காய் தட்டிய வாசனை அடுப்படியிலிருந்து வந்தது. நீர் தள்ளாடுவதாக நடித்தீர். உமக்கு நடிக்கத் தெரியாது. தள்ளாடுகிற மனிதரைப் போலல்ல, வழுக்கு மண்ணில் நடப்பவரைப் போலத்தான் இருந்தது. ஆனால் சட்டை பேசியது.

"குடிச்சிருக்கீங்களா?" என்றார். "நீங்களா?" என்றார் மறுபடியும்.

நீர் கதையைச் சொன்னீர். சொல்லி முடிக்கும்வரை அவர் அசையவில்லை. பிறகு உம் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தார். அந்தக் கறையின் மேலேயே அடித்தார். "எம் புள்ளைங்க வாழ்க்கையை ஒரு கிளாசுல ஊத்திக் குடிச்சிட்டீங்களே! மாஸ்டர் ஐயா, நீங்களாவது சொல்லுங்க, இவரு சொல்றது நெசமா?"

லயத்தில் எல்லா வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். பார்வதி தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றாள். அவள் காதில் அந்தச் சின்னத் தோடு. நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. திறக்காததே பதிலாகிவிட்டது.

அடுத்த திருவிழாவில் காப்பு வேறொருவர் கையில் கட்டினார்கள். கோவில் கூட்டத்தில் அதைத் தீர்மானித்தபோது நானும் இருந்தேன். "அந்த மனுசனைப் போய் நம்பியிருந்தோமே" என்று ஒருவர் சொன்னார். நான் எழுந்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்த வார்த்தை அன்று மாலைக்குள் உம் வீட்டு அடுப்படிக்குப் போயிருக்கும். அதனால் உட்கார்ந்தே இருந்தேன். நீர் கூட்டத்தின் பின்வரிசையில் நின்று, வெறுங்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தீர். சரி என்பதுபோல. அந்தத் தலையசைப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

முடிவைச் சொல்லிப் பின்னால் வந்த ஆங்கிலக் கடிதத்தை உம் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் நீர் ஒருவரே. அதனால் அங்கிருந்தும் உண்மை வெளியே வரவில்லை. மேல் விசாரணைக்கு மனுப் போட்டோம், அதுவும் தள்ளுபடியாயிற்று. சில வருஷத்தில் நீங்கள் நால்வரும் இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துப் புறப்பட்டீர்கள். ஹட்டன் ஸ்டேஷனில் காமாட்சியம்மா தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, உம்மைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோச்சி அசைந்தபோது நீர் ஜன்னலால் தலையை நீட்டினீர். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறீர் என்று நானும் ஓடி வந்தேன்.

"மாஸ்டர்! அந்தப் புடிங்குல முட்டை இருந்துச்சு! ஆறு முட்டை! நோனா அப்பவே சொன்னா!"

மேடையில் சுற்றிலும் ஒப்பாரி. நான் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் துடைக்க மறந்துவிட்டேன். அதுதான் நான் உம்மைக் கடைசியாகப் பார்த்தது.

இந்த வருஷம் மழை தொடங்கும் முன் காமாட்சியம்மாவின் கடிதம் வந்தது. எழுத்து பார்வதியுடையது, பேச்சு அவருடையது. நீர் நெஞ்சு வலியில் இறந்துபோனீர் என்று எழுதியிருந்தது. பார்வதிக்குக் குழந்தை பிறந்திருப்பதாகவும், அவள் தம்பி மடியில் வைத்துக் காது குத்தியதாகவும் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு இது இருந்தது: "அவரு சாகுற வரைக்கும் ஒரு சொட்டுத் தொடல மாஸ்டர் ஐயா. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் எதுக்குத் தொட்டாருன்னு எனக்கு இன்னும் வெளங்கல. செத்த மனுசனைத் திட்டவும் முடியல, திட்டாம இருக்கவும் முடியல. நீங்க கூடத்தான இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கக் கூடாதா?"

நான் பல நாள் அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன். உண்மையை எழுதினால் உம் பெயர் சுத்தமாகும். அதே நேரம் அவர் தம்மைத்தாமே தின்னத் தொடங்குவார். வாசித்துக் காட்டுகிற பார்வதியும் தன் காதைத் தொட்டுப் பார்ப்பாள், பிறகு தன் பிள்ளையின் காதை. எழுதாவிட்டால் நீர் குடிகாரராகவே மண்ணுக்குள் இருப்பீர். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவருக்குக் காயம். நீர் அந்த மேசையில் இதை ஒரு நொடியில் தீர்த்தீர். எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

கடைசியில் இப்படி எழுதினேன்: "அம்மா, அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். பயத்துக்கு நல்லது என்று சொல்லி ஊற்றிக் கொடுத்தவன் நான். இத்தனை வருஷம் சொல்லத் துணிவில்லாமல் இருந்தேன்."

என் எழுபது வயதில் எழுதிய முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன். தபாற்பெட்டிக்குள் போட்ட பிறகும் கையை வெளியே எடுக்காமல் நின்றேன். சரி செய்தேனா என்று இன்றுவரை நிச்சயமில்லை. நீர் இருந்திருந்தால், "காரணம் இப்பத்தான் செல்லும் மாஸ்டர்" என்றிருப்பீரோ, அல்லது ஏசியிருப்பீரோ?

காமாட்சியம்மாவிடமிருந்து பதில் வரவில்லை. தபால்காரர் படியேறாமல் போகும் ஒவ்வொரு நாளும், அவருடைய கோபம் உம்மை விட்டு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறேன். வந்திருந்தால் அது இங்கேயே இருக்கட்டும். என்னால் உமக்குச் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.